வகுப்பறை விவாதமும் மனித மாண்பும்

நம் ஊர்த் தேநீர்க் கடைகளிலும் முடிதிருத்தும் நிலையங்களிலும் 'இங்கு அரசியல் பேசாதீர்' என்னும் அறிவிப்பை நாம் நெடுங்காலமாகப் பார்த்து வருகிறோம். கடைக்காரரை நாம் குறை கூற இயலாது. பேச்சு வாதமாகும்; வாதம் வசையாகும்; வசை கைகலப்பாகும்; கடைசியில் உடைவது அவருடைய கண்ணாடிக் குவளைகள்தாம். சண்டையிட்ட இருவருள் ஒருவர் மறுநாள் முதல் எதிர்க்கடைக்குப் போய்விடுவார். ஆகவே தம் பிழைப்பைக் காத்துக்கொள்ள அவர் அந்தப் பலகையை மாட்டி வைக்கிறார்.

பலகை எதுவும் இல்லாவிட்டாலும், இதே அறிவிப்பு நம் பள்ளி வகுப்பறைகள் பலவற்றிலும் நடைமுறையில் இருந்து வருகிறது. சாதி, சமயம், இட ஒதுக்கீடு, மது விலக்கு, மரண தண்டனை, பெண்ணின் இடம் ஆகியவற்றைப் பற்றிப் பாடநூலில் ஓரிரு பத்திகள் இருக்கும். ஆசிரியர் அவற்றைப் படித்துக்காட்டிவிட்டு, "இது தேர்வுக்கு ஐந்து மதிப்பெண் வினா" என்று கூறி அடுத்த பக்கத்துக்குச் சென்றுவிடுவார். மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, இது சரிதானா?" என்று கேட்டுவிட்டால் வகுப்பு முழுவதும் திடீரென விழித்துக்கொள்ளும். அந்த நொடியில் ஆசிரியர் என்ன செய்ய வேண்டும்? மாணவர் என்ன செய்ய வேண்டும்? பள்ளியும் ஒரு தேநீர்க் கடைதான் என்று விட்டுவிடலாமா? இக்கேள்வியைச் சற்று ஆழமாகச் சிந்திக்க வாசகர்களை அழைக்கிறோம்.

மாணவர் உள்ளத்தில் நடப்பது

உயர்நிலை, மேல்நிலைப் பள்ளியில் பயிலும் பிள்ளையின் வயது 14 முதல் 17 வரை. நம் நாட்டில் 1989 முதல் 18 வயதில் வாக்குரிமை கிடைக்கிறது. அதாவது, நாட்டின் போக்கைத் தீர்மானிக்கும் உரிமை அப்பிள்ளைக்கு வந்து சேர இன்னும் சில ஆண்டுகளே உள்ளன. கருத்துகள் முளைவிடும் பருவம் இது. ஆனால் அக்கருத்துகள் இன்னும் அவனுடையவையோ அவளுடையவையோ அல்ல. தந்தை சொன்னது, மாமன் சொன்னது, திரையில் கேட்டது, கைப்பேசியில் வந்தது ஆகிய எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கும். அவற்றுள் எது உண்மை, எது வெறும் எதிரொலி என்று பிரித்தறியும் முதல் வாய்ப்பு வகுப்பறையில்தான் கிடைக்கிறது.

அந்த வாய்ப்பு எளிதானதன்று. வகுப்பில் விவாதம் எழும்போது, மாணவன் முதலில் பார்ப்பது ஆசிரியரின் முகத்தை. அவர் விரும்பும் விடை எது என்று அம்முகத்திலேயே படித்துவிட அவனுக்குத் தெரியும். பத்து ஆண்டுகளாக அதில்தானே பயிற்சி பெற்றிருக்கிறான்! அடுத்து அவன் பார்ப்பது நண்பர்களின் முகத்தை. மாறான கருத்தைக் கூறினால் மதிய உணவின்போது தன் பக்கத்தில் யார் அமர்வார் என்பது அவனுக்குச் சிறு கவலையன்று. பிறகு, நன்றாகப் பேசத் தெரிந்த ஒருவன் எழுந்து நின்று பேசுகிறான். அவனுடைய குரலும் சொல்லடுக்கும் வகுப்பைக் கவர்ந்துவிடுகின்றன. அவன் சொன்னது சரியா என்பதைவிட அவன் சொன்ன விதம் அழகு என்பதே மனத்தில் நிற்கிறது. நம் பட்டிமன்றங்களில் நாம் சுவைத்து மகிழ்வது இதைத்தானே! பட்டிமன்றத்தில் தவறேதும் இல்லை. அது ஒரு கலை. மணிமேகலைக் காப்பியத்தின் காலத்திலேயே பட்டிமண்டபம் நம்மிடம் இருந்திருக்கிறது. ஆயினும் நாம் இன்று காணும் பட்டிமன்றத்தில் எந்த அணி எந்தப் பக்கம் பேசும் என்பது முன்பே முடிவாகியிருக்கும். பேசுகிறவர் நடுவில் மனம் மாறிவிட்டால் நிகழ்ச்சி கெட்டுவிடும். வகுப்பறையிலோ மனம் மாறுவதுதான் கல்வி. இந்த வேறுபாட்டை நம் பிள்ளைகளுக்கு யார் சொல்லித் தருகிறார்கள்?

மௌனம் நடுநிலை ஆகுமா?

பேசினால் பகை வளரும், பேசாதிருந்தால் அமைதி நிலைக்கும் என்பது நல்லோர் பலரின் எண்ணம். இதை நாம் எள்ளி நகையாட விரும்பவில்லை. நாற்பது ஐம்பது பிள்ளைகளை ஓர் அறையில் வைத்துக் காக்கும் ஆசிரியருக்கே அதன் பாரம் தெரியும். ஆனால் பேசாதிருந்த இடங்களில் உண்மையிலேயே அமைதி நிலவியதா?

2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் நாங்குநேரியில் நடந்ததைத் தமிழகம் மறந்திருக்காது. சாதியின் பேரால் தன்னைத் துன்புறுத்தியவர்களைப் பற்றிப் பள்ளியில் முறையிட்ட ஒரு தலித் மாணவன், உடன் பயின்ற மாணவர்களாலேயே தன் வீட்டுக்குள் வெட்டப்பட்டான். தடுக்க வந்த தங்கையும் காயமுற்றாள். இதன் பின்னர்த் தமிழக அரசு, ஓய்வுபெற்ற நீதியரசர் கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அமைத்தது. அக்குழு 2024 ஜூன் மாதம் தன் அறிக்கையை அளித்தது. மாணவர்கள் சாதி அடையாளமாக மணிக்கட்டில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்ய வேண்டும் என்பதும் அதன் பரிந்துரைகளுள் ஒன்று. வாயால் பேசக் கூடாதென்று நாம் விலக்கி வைத்ததைப் பிள்ளைகள் கையில் கட்டிக்கொண்டு வகுப்புக்கு வந்திருக்கிறார்கள் என்பதே இதன் பொருள். சாதியைப் பற்றிப் பேசாத வகுப்பறையில் சாதி இல்லாமல் போய்விடவில்லை. எதிர்க்கேள்வி கேட்பார் இன்றி அது வளர்ந்திருக்கிறது. கயிற்றை அறுத்துவிடலாம், அதைக் கட்டச் சொன்ன எண்ணத்தைக் கேள்வியால் அன்றி வேறு எதனால் அறுக்க முடியும்?

ஆகவே, மௌனம் நடுநிலை அன்று. அது ஏற்கெனவே வலுவாக இருப்பவரின் பக்கம் சாய்ந்த தராசு.

அவ்வாறாயின் எல்லாவற்றையும் பேசிவிடலாமா?

மௌனத்துக்கு மாற்று மருந்து தடையற்ற பேச்சு என்று சிலர் எண்ணுவர். "எல்லாருக்கும் வாய் இருக்கிறது, எல்லாரும் பேசட்டும், உண்மை தானே வெளிப்படும்" என்பது அவர்களது வாதம். இதையும் ஓர் எடுத்துக்காட்டால் சோதித்துப் பார்ப்போம்.

பதினோராம் வகுப்பு ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். இட ஒதுக்கீடு தேவையா என்று விவாதம் நடக்கிறது. நன்றாகப் படிக்கும் மாணவன் ஒருவன் எழுகிறான். அவனுடைய அண்ணனுக்கு மருத்துவப் படிப்பில் இடம் கிடைக்கவில்லை. வீட்டில் அந்தத் துயரம் இன்னும் ஆறவில்லை. "தகுதிக்கு மதிப்பில்லாமல் போய்விட்டது. தலித் மக்களுக்கு எல்லாச் சலுகையும் இருக்கிறது. கிறித்தவரானாலும் அது தொடர்கிறது. நமக்குத்தான் ஒன்றுமில்லை" என்கிறான். அவன் குரலில் வஞ்சகம் இல்லை, வலி இருக்கிறது. வகுப்பில் பலர் தலையசைக்கிறார்கள்.

மூன்றாம் வரிசையில் ஒரு மாணவி அமர்ந்திருக்கிறாள். அவள் தலித் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவள். வகுப்பில் பலருக்கு அது தெரியாது. அவன் சொன்னது தவறு என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். வீட்டில் அவள் அன்றாடம் கேட்டு வளர்ந்த செய்தி அது. 1950ஆம் ஆண்டு வெளியான குடியரசுத் தலைவரின் ஆணை, இந்துக்கள் அல்லாத எவரையும் பட்டியல் சாதியினராகக் கருதலாகாது என்றது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அந்த வாயில் திறக்கப்பட்டது. கிறித்தவருக்கும் இசுலாமியருக்கும் திறக்கப்படவில்லை. தமிழகத்தில் பட்டியல் சாதியிலிருந்து கிறித்தவத்துக்கு வந்தவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலேயே சேர்க்கப்பட்டார்கள். அவர்களையும் பட்டியல் சாதியினராக ஏற்கலாம் என்று நீதியரசர் இரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது. இக்கேள்வியை மீண்டும் ஆராய நீதியரசர் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையத்தை நடுவண் அரசு 2022இல் அமைத்தது.

இத்தனையும் அறிந்த அந்த மாணவி எழுந்து பேசலாம். ஆனால் அவள் எழுந்து அத்தனை விவரத்தோடு மறுத்துப் பேசினால், "இவளுக்கு எப்படி இவ்வளவு தெரியும்?" என்ற கேள்வி உடனே எழும். உண்மையைத் திருத்த வேண்டுமானால் அவள் தன் பிறப்பை நாற்பது பேர் முன்னிலையில் வெளிப்படுத்த வேண்டும். வாய் மூடியிருந்தால் பொய் அந்த அறையில் உண்மையாக உட்கார்ந்துவிடும். அவன் பேசியது ஒரு கருத்து. அவள் பேசினால் அது அவளுடைய வாழ்க்கை. இருவருக்கும் ஒரே அளவு நேரம் கொடுத்துவிட்டோம் என்று ஆசிரியர் மனநிறைவு கொள்ளலாம். ஆனால் இருவரும் செலுத்தும் விலை ஒன்றல்லவே!

நம் சிந்தனையின் மையம் இங்கேதான் இருக்கிறது. வகுப்பறை விவாதத்தில் முதலில் எழுந்து உண்மையை நிலைநாட்ட வேண்டிய கடமை, காயப்படுபவருக்கு உரியது அன்று. அக்கேள்வியால் காயப்படாதவருக்கே உரியது. விவரம் தெரிந்த ஆசிரியரோ வேறு மாணவரோ, "நண்பா, உன் அண்ணனுடைய வருத்தம் எங்களுக்குப் புரிகிறது. ஆனால் சட்டம் நீ சொல்வதுபோல இல்லை" என்று சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? அம்மாணவி தன்னை வெளிப்படுத்தாமலே நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள். பின்னர் அவளாக விரும்பினால் பேசியிருப்பாள், விரும்பாவிட்டால் பேசாதிருந்திருப்பாள். அந்த மாணவனும் தோற்றவனாக அன்றி, கற்றவனாக அமர்ந்திருப்பான்.

எருசலேமில் நடந்த விவாதம்

இது புதிய போதனை அன்று. திருச்சபையின் முதல் பெரும் கருத்து வேறுபாட்டை, கி.பி. 49ஆம் ஆண்டளவில் எருசலேமில் நடந்ததை, திருத்தூதர் பணிகள் நூலின் 15ஆம் அதிகாரம் நமக்கு விவரிக்கிறது. கிறித்துவை ஏற்றுக்கொண்ட பிற இனத்தார் விருத்தசேதனம் செய்துகொள்ள வேண்டுமா, வேண்டாமா என்பது கேள்வி. நமக்கு அது இன்று பழங்கதை. அன்றைக்கோ அது குடும்பங்களைப் பிரித்த கேள்வி. ஒரே பந்தியில் உண்பவர் யார், உண்ணாதவர் யார் என்ற கேள்வி. திருத்தூதர்கள் அதை மூடி மறைக்கவில்லை. நெடுநேரம் விவாதம் நடந்தது என்று லூக்கா மறைக்காமல் எழுதுகிறார்.

அவ்விவாதத்துக்குப் பின் எழுந்தவர் யார்? பேதுரு. அவர் யூதர், விருத்தசேதனம் பெற்றவர். எந்த முடிவு வந்தாலும் அவருடைய உடலுக்கோ மானத்துக்கோ ஊறு இல்லை. இருந்தும், கொர்னேலியு என்னும் பிற இனத்தாரின் வீட்டில் தாம் நேரில் கண்டதை அவர் எடுத்துச் சொன்னார். சபை அமைதியாயிற்று. பின்னர்ப் பர்னபாவும் பவுலும் தாங்கள் கண்டவற்றைக் கூறினார்கள். அதன் பின்னரே யாக்கோபு முடிவுரைத்தார். தாங்க இயலாத பாரத்தை அம்மக்கள் மேல் ஏற்றலாகாது என்பதே அம்முடிவின் சாரம். தம்மைப் பற்றி முடிவெடுக்கப்பட்ட அந்த மக்களுக்கு, அச்சபையில் இருந்த, பாதிப்புக்கு உள்ளாகாத ஒருவரின் நா குரலாயிற்று.

பின்னாளில் நம் மறைவல்லுநர்களும் விவாதத்துக்கு அஞ்சவில்லை. 13ஆம் நூற்றாண்டின் பாரிசுப் பல்கலைக்கழகத்தில், திருவருகைக் காலத்திலும் தவக்காலத்திலும் எவரும் எதைப் பற்றியும் கேள்வி எழுப்பலாம் என்று பொது விவாதங்கள் நடந்தன. அங்கே கற்பித்த புனித தோமா அக்குவினாஸ், தம் இறையியல் பெருநூலில் ஒவ்வொரு கேள்வியிலும் தமக்கு எதிரான வாதங்களையே முதலில் அடுக்குகிறார். கடவுள் உண்டா என்ற கேள்வியிலும் இல்லை என்பாரின் வாதமே முதலில் வருகிறது. அதுவும் உலகில் தீமை இருக்கிறதே என்னும் வலிமையான வாதம். எதிர்த்தரப்பைப் பொம்மையாக்கி அடிப்பது எளிது. அதை உயிரோடு நிறுத்தி விடை கூறுவதே அறிவுக்கும் அறத்துக்கும் அழகு.

பார்பியானா பள்ளி

அண்மைக் காலத்தில் ஒரு குருவும் அவருடைய மாணவர்களும் இதையே செய்து காட்டினார்கள். இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் 1923இல் செல்வக் குடும்பத்தில் பிறந்தவர் லொரென்சோ மிலானி. இளமையில் இறைநம்பிக்கைக்கு வந்து, 1947இல் குருவானார். 1954 டிசம்பரில், முஜெல்லோ மலைப்பகுதியில் உள்ள பார்பியானா என்னும் சிற்றூருக்கு அனுப்பப்பட்டார். அங்கே சாலை வசதியோ மின்வசதியோ இல்லை. மலை உழவர்களின் பிள்ளைகளுக்காக அவர் ஆலய இல்லத்திலேயே ஒரு பள்ளியைத் தொடங்கினார். விடுமுறை இல்லாத பள்ளி அது. நாளிதழ் அங்கே பாடநூல். கடைசிப் பிள்ளைக்கும் புரியும்வரை பாடம் நகராது. சுவரில் 'ஐ கேர்' என்ற இரு ஆங்கிலச் சொற்கள் எழுதப்பட்டிருந்தன; 'எனக்கு அக்கறை உண்டு' என்பது பொருள். 'எனக்கென்ன' என்னும் பாசிசக் கூற்றுக்கு நேர் எதிரானது இது என்று அவர் விளக்கினார்.

1965 பிப்ரவரியில் ஒரு நாளிதழ்ச் செய்தி அவர்கள் கைக்கு வந்தது. படைகளில் ஆன்மப் பணியாற்றி விடுப்புப் பெற்ற குருக்கள் சிலர், மனச்சான்றின் பேரில் படைப்பணியை மறுப்பவர்களைக் கோழைகள் என்றும், அவர்களது செயல் கிறித்தவ அன்புக் கட்டளைக்கு அயலானது என்றும் தீர்மானம் இயற்றியிருந்தார்கள். அவ்வாறு மறுத்தவர்கள் அப்போது சிறையில் இருந்தார்கள். எழுந்து விடைகூறும் நிலையில் இல்லை. பார்பியானாவின் பிள்ளைகளுக்கு இது உறுத்தியது. குருவும் மாணவர்களும் சேர்ந்து நூறு ஆண்டு இத்தாலியப் போர்களின் வரலாற்றைப் படித்தார்கள். அவற்றுள் நியாயமான போர் எது என்று தேடினார்கள். பின்னர் மிலானி ஒரு திறந்த மடலை வெளியிட்டார். அதற்காக அவர்மேல் வழக்குத் தொடரப்பட்டது. நோயுற்றிருந்ததால் நீதிமன்றம் செல்ல இயலாமல், நீதிபதிகளுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். 1966 பிப்ரவரியில் அவர் விடுவிக்கப்பட்டார். மேல்முறையீடு முடியுமுன், 1967 ஜூன் 26 அன்று, 44ஆம் வயதில் இறந்தார்.

இதற்கிடையே, 1965 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம், இன்றைய உலகில் திருச்சபை பற்றிய அருட்பணிக் கொள்கைத் திரட்டில், ஆயுதம் ஏந்த மனச்சான்றின் பேரில் மறுப்போர் வேறு வகையில் சமூகத்துக்குத் தொண்டாற்ற முன்வந்தால் சட்டங்கள் அவர்களை மனிதநேயத்தோடு நடத்துவது முறை என்று கூறியது. 1972இல் இத்தாலியச் சட்டமும் அவ்வுரிமையை ஏற்றது. 2017 ஜூன் 20 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் பார்பியானாவுக்கே சென்று அக்குருவின் கல்லறையில் செபித்தார்.

மிலானியிடம் குறையே காண முடியாதா என்று கேட்டால், காணலாம். அவர் தம் கருத்தை மறைக்காத ஆசிரியர். வலிமையான ஆளுமை படைத்தவர். அத்தகையவர் முன்னே ஒரு சிறுவன் மாறுபட்டுப் பேச முடிந்திருக்குமா என்ற ஐயம் நியாயமானதே. ஆயினும் அவருடைய வகுப்பிலிருந்து நாம் கற்க வேண்டிய ஒன்று உண்டு. விவாதத்தின் தொடக்கத்தில் அவர்கள் 'எந்தப் பக்கம் வெல்லும்?' என்று கேட்கவில்லை. 'யாரைப் பற்றிப் பேசுகிறார்கள்? அவர் இங்கே பதில் சொல்ல இருக்கிறாரா?' என்று கேட்டார்கள். அதற்குப் பின்பே வரலாற்றைப் புரட்டினார்கள். அக்கறை முதலில் வந்தது. ஆய்வு அடுத்து வந்தது. கருத்து கடைசியில் வந்தது. நம்மிடம் பெரும்பாலும் கருத்துதான் முதலில் வந்துவிடுகிறது.

ஆசிரியரின் பங்கு

ஆசிரியர் தம் கருத்தைச் சொல்லலாமா? நாட்சி ஆட்சியின் கீழ்ப் பள்ளிகள் பொய்ப் பிரசாரக் கூடங்களானதைக் கண்ட செர்மானியர், இக்கேள்வியைப் பற்றி மிகவும் எண்ணியிருக்கிறார்கள். 1976இல் மேற்குச் செர்மனியின் பொயிட்டல்ஸ்பாக் என்னும் ஊரில் கூடிய கல்வியாளர்களின் உரையாடலிலிருந்து மூன்று நெறிகள் பிறந்தன. மாணவரைத் தம் கருத்தால் அமுக்கிவிடலாகாது. அறிஞரிடையேயும் சமூகத்திலும் கருத்து வேறுபாடு உள்ள பொருளை வகுப்பிலும் அவ்வாறே காட்ட வேண்டும். மாணவர் தம் நிலையைத் தாமே ஆராய்ந்து செயலாற்றும் திறன் பெற வேண்டும். இவை நம் பள்ளிகளுக்கும் பொருந்துவனவே. நம் கத்தோலிக்கப் பள்ளிகள் பலவற்றில் பிற சமயப் பிள்ளைகளே மிகுதியாகப் பயில்கிறார்கள் என்பதை எண்ணும்போது இன்னும் பொருந்தும்.

ஆனால் ஒன்றை நாம் மறக்கலாகாது. கருத்து வேறுபாட்டுக்கு உரியவை வேறு; உரியவை அல்லாதவை வேறு. இட ஒதுக்கீடு எந்த அளவில், எந்த முறையில், எத்தனை காலம் என்பன விவாதத்துக்கு உரியன. அறிவார்ந்த நல்லோர் இவற்றில் மாறுபடலாம். அந்த மூன்றாம் வரிசை மாணவி மற்றவர்க்கு நிகரான மனிதப் பிறவியா என்பது விவாதத்துக்கு உரியதன்று. நம் அரசியல் சாசனத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது. அதற்கு நெடுங்காலம் முன்பே, மனிதர் அனைவரும் கடவுளின் சாயல் என்று தொடக்கநூல் முதல் அதிகாரத்திலேயே விவிலியம் அறிவித்துவிட்டது. முன்னதைத் திறந்து வைப்பதும் பின்னதைக் காத்து நிற்பதும் ஆசிரியரின் இரட்டைக் கடமை. முன்னதை மூடிவிட்டால் கல்வி செத்துவிடும். பின்னதைத் திறந்துவிட்டால் ஒரு பிள்ளையின் மானம் பலியாகும்.

திறந்த கேள்விகளில் திருச்சபையும் மாணவரைப் போலக் கற்றுக்கொண்டே வந்திருக்கிறது. மரண தண்டனை இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, மிகக் கடுமையான குற்றங்களில் அதை முற்றிலும் விலக்கவில்லை. 2018 ஆகஸ்டில் திருத்தந்தை பிரான்சிஸ் அப்பகுதியை மாற்றி, மனித மாண்பைத் தாக்குவதாதலால் அது ஏற்கத் தகாதது என்று அமைத்தார். மாண்பு என்னும் அடித்தளம் மாறவில்லை. அதன்மேல் நின்று பார்க்கும் பார்வை தெளிவடைந்தது. கருத்தை மாற்றிக்கொள்வது தோல்வி என்று எண்ணித் தயங்கும் மாணவனுக்கு இதைவிட நல்ல பாடம் வேறு இல்லை.

இல்லத்தில் தொடங்குவது

இத்தனையும் ஆசிரியருக்கும் மாணவருக்கும் உரியவை என்று பெற்றோராகிய நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. வகுப்பில் பிள்ளைகள் எழுந்து சொல்லும் சொற்கள் பெரும்பாலும் நம் இல்லங்களில் விதைக்கப்பட்டவை. குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று சங்கம் அழைத்தது. அந்தத் திருச்சபையில் இரவு உணவின்போது நாம் யாரைப் பற்றிப் பேசுகிறோம், எப்படிப் பேசுகிறோம்? அண்டை வீட்டாரின் சாதியைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறோமா? அப்படித் தாழ்த்தும்போது, அது சொல்லத் தகாத ஒன்று என்று பிள்ளைக்குக் கற்பித்துவிட்டோம். பிறர் பெற்ற வாய்ப்பைப் பழித்து நம் தோல்விக்கு ஆறுதல் தேடுகிறோமா? அப்படியானால் அந்தப் பழிச்சொல் மறுநாள் வகுப்பில் நம் பிள்ளையின் வாயிலிருந்து வெளிவரும். யாருடைய முகத்தில் அது போய் விழும் என்று நமக்குத் தெரியாது.

பிள்ளை பள்ளியிலிருந்து திரும்பியதும், "இன்று எத்தனை மதிப்பெண்?" என்று கேட்கிறோம். அதோடு வேறொரு கேள்வியையும் நாம் கேட்கப் பழகலாம்: "இன்று வகுப்பில் யாரைப் பற்றிப் பேசினீர்கள்? அவருக்காக யாராவது பேசினார்களா?" முதல் சில நாள்கள் பிள்ளைக்கு இக்கேள்வி புரியாமல் இருக்கலாம். ஆனால் கேட்கப்பட்டுக்கொண்டே இருக்கும் கேள்வி பிள்ளையின் மனச்சான்றாகிவிடும். அவ்வாறு வளர்ந்த ஒரு மாணவனோ மாணவியோ ஒரு வகுப்பில் இருந்தால் போதும். மூன்றாம் வரிசையில் தலைகுனிந்திருக்கும் பிள்ளை தனித்து நிற்க வேண்டியதில்லை.

பன்னிரண்டு வயதில் எருசலேம் ஆலயத்தில் போதகர் நடுவே அமர்ந்திருந்த இயேசுவை லூக்கா நமக்குக் காட்டுகிறார். அங்கே அவர் முதலில் செவிசாய்த்தார். அடுத்துக் கேள்வி கேட்டார். பின்னரே அவருடைய விடைகளைக் கண்டு மற்றவர் வியந்தனர். நம் பிள்ளைகளின் வகுப்பறைகளும் இந்த வரிசையைக் கற்றுக்கொள்ளுமாயின், அங்கே எந்தக் கேள்விக்கும் நாம் அஞ்ச வேண்டியதில்லை.